25ஆம் எண் வாசல்

மாதம் சில நூறு ரூபாய் கொடுத்தால் இன்று யார் வேண்டுமானாலும் ஒரு லினக்ஸ் சர்வரை வாடகைக்கு எடுத்துவிடலாம். அதில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மென்பொருளை நிறுவ ஒரே ஒரு கட்டளை போதும். நிறுவும்போது இரண்டு கேள்வி கேட்கும். இந்த சர்வர் நேரடியாக இணையத்தில் அஞ்சல் அனுப்பப் போகிறதா? உங்கள் டொமைன் பெயர் என்ன? பதில் சொல்லி முடித்தால், அவ்வளவுதான், உங்களிடம் சொந்தமாக ஒரு தபால் நிலையம் இருக்கிறது. விதிப்படி பார்த்தால் உலகத்தின் எந்த மின்னஞ்சல் முகவரிக்கும் அங்கிருந்து கடிதம் போடலாம்.

நடைமுறையில் கடிதம் போகாது. சர்வரின் லாகைத் திறந்தால் 'கனெக்‌ஷன் டைம்ட் அவுட்' என்ற வரியே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். எதிர்முனையில் இருப்பவர் கதவைத் திறக்கவில்லை என்று நினைப்போம். கடிதம் அந்தக் கதவு வரைக்கும் போயிருக்கவே போயிருக்காது. சர்வரை வாடகைக்கு விட்ட நிறுவனமே, அஞ்சல் வெளியே போக வேண்டிய 25ஆம் எண் போர்ட்டைப் பூட்டி வைத்திருக்கும். எழுதிக் கேட்டுத் திறக்க வைத்தாலும், போன கடிதம் ஸ்பாம் பெட்டியில் கிடக்கும். இதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "நீங்களே அனுப்பாதீங்க. பெரிய கம்பெனி சர்வர்கிட்ட கொடுத்துடுங்க, அது அனுப்பிக்கும்."

இப்படி ஒருவருடைய கடிதத்தை இன்னொருவர் வாங்கி முன்னே கடத்திவிடுவதற்கு ரிலே என்று பெயர். மின்னஞ்சலின் வரலாற்றை இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிடலாம். முதலில் அது அண்டை வீட்டுக்காரர் செய்யும் உதவியாக இருந்தது. பிறகு குற்றமானது. இப்போது அது ஒரு வியாபாரம்.

*

1971. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் நகரத்தில், பிபிஎன் என்ற நிறுவனத்தில் ரே டாம்லின்சன் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலம் அது. அந்தக் கணினிக்குள்ளேயே ஒருவர் இன்னொருவருக்குக் குறிப்பு எழுதி வைக்கும் நிரல்கள் ஏற்கெனவே இருந்தன. ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பு அனுப்பும் நிரல் ஒன்றையும் டாம்லின்சன் எழுதியிருந்தார். இரண்டையும் சேர்த்துத் தைத்தார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க ஒரு குறி தேவைப்பட்டது. தட்டச்சுப் பலகையில் யாரும் அதிகம் தொடாமல் கிடந்த '@' குறியை எடுத்துக்கொண்டார். முதல் சோதனைக்குப் பயன்பட்ட இரண்டு கணினிகளும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. ஆனால் கடிதம் அர்ப்பாநெட் வலையமைப்பின் வழியாகச் சுற்றிப் போனது. என்ன எழுதினார் என்று பின்னாளில் கேட்டபோது அவருக்கே நினைவில்லை.

"மின்னஞ்சலைக் கண்டுபிடித்தது ஒரு தமிழர்தானே?" என்று உங்களில் சிலர் இந்நேரம் கேட்டிருப்பீர்கள். வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் செய்தி அது. சிவா அய்யாதுரை பதின்பருவத்தில் நியூ ஜெர்சியின் ஒரு மருத்துவக் கல்விநிறுவனத்துக்காக 'ஈமெயில்' என்ற பெயரில் ஒரு நிரல் எழுதியதும், 1982இல் அதற்குப் பதிப்புரிமை பதிவு செய்ததும் உண்மை. அலுவலகக் குறிப்பாணைகளைக் கணினிக்குக் கொண்டுவந்த வேலை அது. அந்த வயதுக்குப் பெரிய காரியம்தான். ஆனால் அது ஒரு நிறுவனத்தின் உள்ளே ஓடிய அமைப்பு. வேறொருவருக்குச் சொந்தமான, நாம் பார்த்தே இராத ஒரு கணினியிடம் போய் "இந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்" என்று சொல்வது எப்படி என்பது வேறு சிக்கல். அதைத் தீர்த்த வழிதான் இன்றுவரை ஓடுகிறது.

அந்த வழியை எழுதி வைத்தவர் ஜான் போஸ்டல். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் இருந்தவர். 1982 ஆகஸ்ட்டில் அவர் வெளியிட்ட 821 என்ற எண்ணிட்ட ஆவணம்தான் எஸ்எம்டிபி. பெயரிலேயே 'சிம்பிள்', அதாவது எளிமை, இருக்கிறது. இரண்டு சர்வர்கள் 25ஆம் எண் போர்ட்டில் பேசிக்கொள்ளும் உரையாடல் ஏறத்தாழ இப்படிப் போகும்:

"வணக்கம், நான் இன்ன கணினி."
"வாங்க."
"இது இன்னாரிடமிருந்து வரும் கடிதம்."
"சரி."
"இன்னாருக்குச் சேர வேண்டியது."
"சரி."
"இதோ கடிதம்."
"வாங்கிக்கொண்டேன்."

இதில் இல்லாததைக் கவனியுங்கள். "நீ இன்னார்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று எந்த இடத்திலும் யாரும் கேட்பதில்லை. பாஸ்வேர்ட் கிடையாது, கையெழுத்து கிடையாது. அனுப்புநர் பெயர் என்ற இடத்தில் எந்தப் பெயரையும் எழுதலாம். இதை மறதி என்று சொல்ல முடியாது. அன்றைய வலையமைப்பில் இருந்தவை பல்கலைக்கழகங்கள், ராணுவ ஆய்வகங்கள், சில நிறுவனங்கள். ஒவ்வொரு கணினிக்கும் பொறுப்பாளர் யார் என்று மற்றவர்களுக்குத் தெரியும். ஊரில் எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்போது அடையாள அட்டை எதற்கு?

*

கலிஃபோர்னியாவின் பெர்க்லி வளாகத்தில் எரிக் ஆல்மனுக்கு ஒரு தொல்லை இருந்தது. அவர் வேலை பார்த்த இன்க்ரெஸ் என்ற தரவுத்தளத் திட்டத்தின் கணினியில்தான் அர்ப்பாநெட் இணைப்பு இருந்தது. வளாகத்தில் ஆளாளுக்கு வந்து, "எனக்கும் அதுல ஒரு அக்கவுன்ட் கொடு, மெயில் பார்க்கணும்" என்று கேட்டார்கள். எல்லோருக்கும் கொடுக்க இடமில்லை. அவர்களுக்கு உண்மையில் வேண்டியது அக்கவுன்ட் இல்லை, கடிதம்தான் என்பது ஆல்மனுக்குப் புரிந்தது. வந்த கடிதத்தை வளாகத்தின் மற்ற கணினிகளுக்குக் கடத்திவிடும் ஒரு நிரலை எழுதினார். டெலிவர்மெயில் என்று பெயர். அது வளர்ந்து சென்ட்மெயில் ஆகி, 1983இல் பெர்க்லி யூனிக்ஸுடன் சேர்ந்து ஊரெல்லாம் போனது.

அப்போது வலையமைப்புகள் பல. ஒவ்வொன்றிலும் முகவரி எழுதும் முறை வேறு. யூயூசிபி என்ற அமைப்பில் கணினிகள் தொலைபேசியில் ஒன்றையொன்று கூப்பிட்டுக் கடிதங்களைக் கைமாற்றிக்கொள்ளும். எந்தெந்தக் கணினி வழியாகக் கடிதம் போக வேண்டும் என்பதையும் அனுப்புபவரே ஆச்சரியக்குறி போட்டு வரிசையாக எழுத வேண்டும். "மெயின் ரோட்டில் இறங்கி, வேப்பமரத்தடியில் திரும்பி, மூன்றாவது வீடு" என்று வழி சொல்வது மாதிரி. நடுவில் இருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் யாரோ யாருக்கோ எழுதிய கடிதத்தைத் தன் தொலைபேசிச் செலவில் முன்னே தள்ளிவிடும். ஏன் செய்தார்கள்? நாளைக்கு நம் கடிதத்தையும் அவர்கள் தள்ளிவிடுவார்கள், அதான்.

சென்ட்மெயில் இந்த முகவரிகள் எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றிவிடும். அதற்குக் கொடுத்த விலை அதன் அமைப்புக் கோப்பு. விசைப்பலகைமேல் யாரோ தலையை மோதிக்கொண்டதுபோல் இருக்கும் என்பது அந்தக்காலத்து சர்வர் நிர்வாகிகளின் கேலி. சென்ட்மெயிலைப் பற்றி ஓ'ரெய்லி வெளியிட்ட, அட்டையில் வௌவால் படம் போட்ட புத்தகம், பிந்தைய பதிப்புகளில் ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது.

திறந்த வீட்டின் ஆபத்து 1988 நவம்பர் 2 அன்று முதல்முறையாகப் பெரிய அளவில் தெரிந்தது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் ஒரு புழு நிரலை வலையில் விட்டார். அது நுழைந்த வழிகளில் ஒன்று சென்ட்மெயில். சோதனைக்காக வைத்திருந்த ஒரு வசதி பல இடங்களில் மூடப்படாமலே இருந்தது. அதன் வழியாகக் கடிதத்துக்குப் பதில் கட்டளையை அனுப்பினால் எதிர்முனைக் கணினி அதை நிறைவேற்றிவிடும். ஏறத்தாழ 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டன என்பது அன்றைய மதிப்பீடு. மாரிஸுக்கு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, அபராதம். அதற்குப் பிறகும் ரிலேயை யாரும் மூடவில்லை. ஓட்டையை அடைத்தார்கள், கதவு திறந்தே இருந்தது.

*

கதவைச் சாத்த வைத்தவர்கள் ஹேக்கர்கள் இல்லை, விற்பனையாளர்கள்.

முன்னோட்டம் 1978லேயே நடந்துவிட்டது. டிஇசி என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி துவர்க், தங்கள் புதிய கணினியின் செயல்விளக்கத்துக்கு வரச் சொல்லி அர்ப்பாநெட்டில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். முகவரிகள் அதற்குரிய இடத்தில் அடங்காமல் கடிதத்துக்குள்ளேயே வழிந்தன. பலர் கோபப்பட்டார்கள். நிர்வாகம் கண்டித்தது. அதோடு முடிந்தது. ஊர் சிறியது, கண்டித்தால் கேட்பார்கள்.

1990களில் ஊர் சிறியதாக இல்லை. வணிகத்துக்கு இணையம் திறந்தாயிற்று. மோடம் வழியாக இணையத்துக்கு வரும் ஒருவருக்கு லட்சம் விளம்பரக் கடிதம் அனுப்ப ஆசை. தொலைபேசி இணைப்போ மெதுவானது. அவர் என்ன செய்வார்? ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் சர்வரைத் தேடிப் பிடிப்பார். கடிதத்தின் ஒரே ஒரு பிரதியைக் கொடுத்து, "இன்னாருக்குச் சேர வேண்டியது" என்ற இடத்தில் நூற்றுக்கணக்கான முகவரிகளை வரிசையாகச் சொல்வார். மீதி வேலையை அந்த சர்வர் தன் அகலமான இணைப்பில், தன் செலவில் செய்துமுடிக்கும். முகவரி தவறென்று திரும்பி வரும் கடிதங்கள், வசைகள், புகார்கள் எல்லாம் அந்தப் பல்கலைக்கழகத்தின் தலையில் விழும். வழிப்போக்கர் படுத்துப் போகட்டும் என்று கட்டிய திண்ணையில் ஒருவன் கடையே போட்டுவிட்டான்.

எதிர்வினை வந்தது. பால் விக்ஸியும் நண்பர்களும் 1997இல் ஒரு கறுப்புப் பட்டியலைத் தொடங்கினார்கள். குப்பைக் கடிதம் வரும் ஐபி முகவரிகளை அதில் சேர்ப்பார்கள். கடிதம் வாங்கும் சர்வர், வாங்குமுன் அந்தப் பட்டியலை டிஎன்எஸ் வழியாக ஒரு நொடியில் விசாரித்துவிடலாம். அடுத்த ஆண்டு ஸ்டீவ் லின்ஃபோர்ட் ஸ்பாம்ஹவுஸைத் தொடங்கினார். திறந்த ரிலே வைத்திருப்பவர்களும் பட்டியலில் ஏறினார்கள். ஸ்பாம் அனுப்புகிறவரோடு அவருக்கு இடம் கொடுத்தவரும் தண்டனை பெற்றார்.

இதில் எல்லோருக்கும் உடன்பாடு இல்லை. இணைய உரிமைகளுக்கான எலெக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷனை நிறுவியவர்களில் ஒருவரான ஜான் கில்மோர் தன் சர்வரின் ரிலேயை மூட மறுத்தார். முன்பின் தெரியாதவர்களின் கடிதத்தைக் கடத்திவிடுவதுதான் வலையமைப்பின் இயல்பு, சிலர் அதைக் கெடுக்கிறார்கள் என்பதற்காக எல்லோருக்கும் கதவைச் சாத்தக் கூடாது என்பது அவர் நிலை. அவருடைய இணையச் சேவை நிறுவனமான வெரியோவுடன் 2001இல் இதற்காகவே மோதல் வந்தது. பட்டியல்காரர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது. என் வீட்டுக்கு யாரை விடுவது என்பதை நான் முடிவு செய்கிறேன், அந்த முடிவுக்கு யார் சொல்லைக் கேட்பது என்பதும் என் விருப்பம். இரண்டும் சுதந்திரத்தின் பெயரால் சொல்லப்பட்டவை என்பதுதான் இந்த விவாதத்தை இன்று படிக்கும்போதும் யோசிக்க வைக்கிறது.

வென்றது பட்டியல். 1998இல் வந்த சென்ட்மெயில் 8.9, யாரும் மாற்றாதவரை வெளியாருக்கு ரிலே செய்யாது என்ற நிலையோடு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஐபிஎம் ஆய்வகத்தில் வீட்சே வெனமா எழுதிய அஞ்சல் மென்பொருள் வெளியானது. அதுதான் நாம் முதலில் பார்த்த போஸ்ட்ஃபிக்ஸ். சென்ட்மெயில் ஒரே பெரிய நிரலாக, கணினியின் முழு அதிகாரத்தோடு ஓடியது. போஸ்ட்ஃபிக்ஸ் வேலையைச் சிறு சிறு நிரல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தேவையான அதிகாரத்தை மட்டும் கொடுத்தது. டேனியல் பெர்ன்ஸ்டீனின் கியூமெயிலும் அதே எண்ணத்தில் எழுதப்பட்டது. நம்பிக்கை இல்லாத உலகத்துக்கான மென்பொருள்கள் இவை. ஒரு நிரல் தன் பக்கத்து நிரலைக்கூட நம்பாது.

*

ரிலே மூடப்பட்டதும் ஸ்பாம் நின்றதா? இடம் மாறியது. 2000க்குப் பிறகு வீட்டுக் கணினிகளுக்குள் வைரஸாகப் புகுந்து, அங்கிருந்தே கடிதங்கள் அனுப்பினார்கள். வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. உடனே இணையச் சேவை நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் 25ஆம் எண் போர்ட்டை அடைத்தன. சாதாரண மனிதர் அஞ்சலைத் தன் நிறுவனத்திடம் ஒப்படைக்க 587 என்ற வேறு போர்ட்டை 1998லேயே ஒதுக்கியிருந்தார்கள். அங்கே பாஸ்வேர்ட் கேட்கும் வழக்கம் வந்தது. இப்படித்தான் வாசல் இரண்டாகப் பிரிந்தது. குடிமக்களுக்கு 587, தபால் நிலையங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள 25.

அடுத்து, 1982இல் கேட்காமல் விட்ட "யாரு நீ?" என்ற கேள்வியை ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார்கள். எஸ்பிஎஃப் 2006இல் ஆவணமானது: என் பெயரில் கடிதம் அனுப்ப இந்த ஐபி முகவரிகளுக்குத்தான் அனுமதி என்று டொமைன் உரிமையாளர் டிஎன்எஸ்ஸில் எழுதி வைப்பது. டிகேஐஎம் 2007இல் வந்தது: ஒவ்வொரு கடிதத்திலும் கணித முத்திரை ஒன்றைக் குத்தி அனுப்புவது, அதைச் சரிபார்க்கும் திறவுகோலை டிஎன்எஸ்ஸில் வைப்பது. டிமார்க் 2012இல் அறிவிக்கப்பட்டது: இரண்டு சோதனையிலும் தேறாத கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது.

2014 ஏப்ரலில் யாஹூ அந்த இடத்தில் "நிராகரி" என்று எழுதியது. யாஹூ முகவரிகளில் வந்த போலிக் கடிதங்களைத் தடுக்கத்தான். ஆனால் அடி விழுந்தது மடற்குழுக்களுக்கு. மடற்குழு என்ன செய்கிறது? ஒருவர் எழுதியதை வாங்கி, தலைப்பில் குழுவின் பெயரைச் சேர்த்து, அவர் பெயரிலேயே நூற்றுக்கணக்கானவருக்குக் கடத்துகிறது. ஐபி யாஹூவுடையது இல்லை, எனவே எஸ்பிஎஃப் தோல்வி. தலைப்பு மாறியது, எனவே முத்திரையும் உடைந்தது. யாஹூக்காரர் ஒருவர் குழுவுக்கு எழுதினால், அந்தக் கடிதம் மற்ற உறுப்பினர்களின் சர்வர்களிலிருந்து திரும்பி வந்தது. அப்படித் திரும்பிய கணக்கைப் பார்த்துக் குழு மென்பொருள் ஒரு பாவமும் அறியாத அந்த உறுப்பினர்களை நீக்கியது. பழைய பண்பின் கடைசி வடிவம், புதிய காவல்காரனின் கண்ணுக்கு அப்பட்டமான மோசடியாகத் தெரிந்தது.

*

இவ்வளவு பூட்டு போட்டபின் தபால் நிலையம் நடத்துவது முழுநேர வேலையாகிவிட்டது. முடியாதவர்கள் வேலையைப் பிறரிடம் கொடுத்தார்கள். 2009இல் சென்ட்கிரிட், 2011இல் அமேசானின் அஞ்சல் சேவை என்று ரிலே ஒரு தொழிலாக எழுந்தது. இத்தனை கடிதத்துக்கு இத்தனை காசு. மறுபக்கம், கூகுள் தன் மேகக் கணினிகளிலிருந்து 25ஆம் போர்ட் வழியாக வெளியே போவதை அடைத்தது. அமேசானும் கேட்டு வாங்கினால்தான் திறக்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் பெருமளவில் அனுப்புகிறவர்களுக்கு மூன்று சோதனைகளையும் கட்டாயமாக்கின. ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்பினால் அது பெருமளவு.

இதைச் சதி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். வங்கியிலிருந்து வந்ததுபோல் நடிக்கும் கடிதத்தை ஓய்வூதியக்காரர் ஒருவரின் பெட்டிக்கு வராமல் தடுப்பது இந்தப் பூட்டுகள்தாம். ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு திருட்டு காரணமாக இருந்திருக்கிறது. தேவையில்லாத பூட்டு என்று ஒன்றைக் காட்டுவது கடினம்.

என்றாலும் ஒரு கணக்கு இடிக்கிறது. மூன்று சான்றுகளையும் சரியாக வைத்து, ஐபிக்கு உரிய பெயரைச் சர்வர் உரிமையாளரிடம் கேட்டு எழுத வைத்து, மாதம் முந்நூறு வாசகருக்கு மடல் அனுப்பும் ஒரு சிறு பத்திரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். சான்றுகள் சொல்வது இவர் இன்னார் என்பதை மட்டும்தான். நல்லவரா என்பதை வடிகட்டி பழைய வரலாற்றைப் பார்த்து முடிவு செய்கிறது. வரலாறு சேர நிறையக் கடிதம் வேண்டும். முந்நூறு கடிதத்தில் வரலாறு சேராது. பக்கத்து ஐபியில் ஒரு ஸ்பாம்காரர் குடியிருந்தால் அவருடைய கெட்ட பெயரும் இவர்மேல் ஒட்டும். ஆக, ஒரு தப்பும் செய்யாதவர், தப்பு செய்யவில்லை என்று காட்டும் அளவுக்குப் பெரியவராக இல்லாததால் சந்தேகத்துக்கு உள்ளாகிறார். அஞ்சல்தலை ஒட்டிப் போட்ட சிற்றிதழ்கள் இதைச் சந்தித்ததில்லை. முந்நூறு பிரதிதானே என்று எந்தத் தபால் நிலையமும் கட்டைத் திருப்பி அனுப்பியதில்லை.

வேற வழி? பலரும் செய்வதைச் செய்யலாம்: போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புக் கோப்பில் 'ரிலேஹோஸ்ட்' என்ற வரியில் பெரிய நிறுவனத்தின் பெயரையும், பக்கத்தில் 587 என்ற எண்ணையும் எழுதி, பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுப் போகலாம். அரை மணி நேர வேலை. கடிதம் போய்ச் சேரும். பிடிவாதமாகச் சொந்த சர்வரிலிருந்தே அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் பொறுமையாகக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிப் பெயர் சம்பாதிக்கிறார்கள்.

அவர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் மிச்சமிருப்பதற்குக் காரணம் போஸ்டல் எழுதிய உரையாடல் கலையாமல் இருப்பதுதான். ஜிமெயில் உட்பட, கடிதம் வாங்க விரும்பும் ஒவ்வொரு சர்வரும் 25ஆம் எண் வாசலை இன்றும் முன்பின் தெரியாதவருக்குத் திறந்துதான் வைத்திருக்கிறது. பாஸ்வேர்ட் கேட்டால் புதியவர் யாரும் கடிதம் போட முடியாது. ஆகவே சான்றுகளைச் சோதித்தாலும், ஸ்பாம் பெட்டிக்கு அனுப்பினாலும், முதலில் வணக்கத்தை வாங்கிக்கொண்டு "சொல்லுங்க" என்று கேட்டாக வேண்டும்.